பழைய டரட் பிரஸ்ஸை மதிப்பிடும் முறை

டரட் பிரஸ் என்பது சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த உதவும் கையால் இயக்கும் அழுத்து இயந்திரம் ஆகும். இதன் மேற்பகுதியில் பல துளைகள் கொண்ட சுழலும் தலை ஒன்று உண்டு. ஒவ்வொரு துளையிலும் ஒரு டை பொருத்தப்படும். தலையைத் திருப்பினால் அடுத்த டை வேலைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குச் சுடுதல் விளையாட்டில் ஈடுபடுவோரும் இதை வீட்டுப் பட்டறையில் வைத்துப் பயன்படுத்துகின்றனர். பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இவ்வகை இயந்திரங்கள் இன்றும் அங்கே ஏலங்களிலும் பழைய பொருள் விற்பனையிலும் கிடைக்கின்றன. அவற்றுள் எது வேலைக்கு ஆகும், எது அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் ஆகும் என்று எப்படிக் கண்டறிவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோட்டாவும் மறுநிரப்பலும்

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உள்ளன. அவை பித்தளைக் கூடு, அதன் அடியில் உள்ள பிரைமர், உள்ளே இருக்கும் வெடிமருந்து, முனையில் பொருத்திய குண்டு ஆகியன. சுட்டபின் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமரும் செலவாகிவிடும். கூடு மட்டும் மிஞ்சும். தோட்டாக்கூடு செய்யும் பித்தளையில் ஏறத்தாழ 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் உள்ளன. இது விரிந்து சுருங்கும் தன்மை கொண்டது. ஆகவே ஒரே கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம். தோட்டாவின் விலையில் பெரும் பங்கு கூட்டுக்கு உரியது என்பதால்தான் மறுநிரப்பல் ஒரு பொழுதுபோக்காகவும் சிக்கனமாகவும் வளர்ந்தது.

சுடும்போது உண்டாகும் அழுத்தத்தால் கூடு துப்பாக்கி அறையின் அளவுக்கு விரிந்துவிடுகிறது. அதை எஃகு டைக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதே அழுத்தத்தில் பழைய பிரைமரும் வெளியே தள்ளப்படும். பிறகு புதிய பிரைமர், அளந்த மருந்து, குண்டு ஆகியவை வரிசையாகச் சேர்க்கப்படும். இவற்றுள் அதிக விசை தேவைப்படுவது முதல் வேலையான அளவு திருத்தலுக்கே. பிரஸ்ஸின் உறுதி சோதிக்கப்படுவதும் அங்கேதான்.

டரட் பிரஸ்ஸின் இடம்

மறுநிரப்பல் பிரஸ்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.

ஒற்றை நிலைப் பிரஸ்ஸில் ஒரே ஒரு டைக்கு மட்டும் இடம் உண்டு. நூறு கூடுகளுக்கு ஒரு வேலையை முடித்துவிட்டு, டையைக் கழற்றி மாற்றி, அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். மெதுவானது, ஆனால் மிகவும் உறுதியானது.

தொடர் நிலைப் பிரஸ்ஸில் பல கூடுகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிலைகளில் இருக்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் எல்லா நிலைகளிலும் வேலை நடக்கும். வேகம் அதிகம். கவனிக்க வேண்டியவையும் அதிகம்.

டரட் பிரஸ் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கூடு ஓரிடத்திலேயே இருக்கும், டைகள் சுழன்று வரும். ஐ.டி.ஐ. அல்லது பாலிடெக்னிக் பட்டறையில் டரட் லேத்தைப் பார்த்த மாணவர்களுக்கு இதன் தத்துவம் எளிதில் புரியும். அங்கே வெட்டுளிகள் சுழன்று வேலைக்கு வருகின்றன, இங்கே டைகள் வருகின்றன. ஒருமுறை சரிசெய்து பூட்டிய டையை மீண்டும் கழற்ற வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய நன்மை.

நன்மைக்கு ஒரு விலையும் உண்டு. தலை சுழல வேண்டுமானால் அதற்கும் சட்டகத்துக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அந்த இடைவெளிதான் பழைய டரட் பிரஸ்ஸை மதிப்பிடுவதில் மையமான கேள்வி.

பெயர்பெற்ற மாதிரிகள்

லைமன் நிறுவனம் 1878இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் துப்பாக்கிக் குறிநோக்கிகள் செய்யத் தொடங்கப்பட்டது. 1925இல் மறுநிரப்பல் கருவிகளுக்குப் பெயர்பெற்ற ஐடியல் நிறுவனத்தின் தொழிலை வாங்கியபின் அது இத்துறையில் நிலைபெற்றது. ட்ரூலைன் ஜூனியர், ஆல்-அமெரிக்கன், ஸ்பார்-டி, டி-மேக் ஆகியவை இதன் டரட் பிரஸ்கள். பழைய பொருள் சந்தையில் அடிக்கடி கண்ணில் படுபவையும் இவையே. ட்ரூலைன் ஜூனியர் சிறியது. கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கும் சிறு வேலைகளுக்கும் ஏற்றது. ஸ்பார்-டியிலும் டி-மேக்கிலும் 6 துளைகள் உண்டு.

கலிபோர்னியாவின் ஹாலிவுட் கன் ஷாப் செய்த சீனியர் டரட், இவ்வகையில் மிகவும் கனமானவற்றுள் ஒன்று. உறுதிக்காகவே இதைத் தேடி வாங்குவோர் உண்டு. இதன் தலைத் துளைகள் பெரியவை. இன்றைய டைகளைப் பொருத்த இடைப்புஷ் தேவைப்படும். அந்தப் புஷ்கள் இல்லாமல் விற்கப்படும் இயந்திரத்தை வாங்கினால் அவற்றைத் தேடி அலைய வேண்டிவரும், அல்லது லேத்தில் கடைந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் ரெடிங் நிறுவனம் மாடல் 25 என்ற டரட் பிரஸ்ஸைச் செய்தது. அதன் வழியில் பின்னர் வந்த டி-7 மாதிரியில் 7 துளைகள் உள்ளன.

விஸ்கான்சின் மாநிலத்தின் லீ நிறுவனத்தின் டரட் பிரஸ்கள் விலை குறைவானவை. தொடக்கத்தில் 3 துளைகளும் பின்னர் 4 துளைகளும் கொண்டவையாக வந்தன. இவற்றில் முறுக்கிய சதுரக் கம்பி ஒன்று கைப்பிடியின் அசைவோடு சேர்ந்து தலையைத் தானாகவே திருப்பும். கம்பியைப் பற்றும் சிறிய பிளாஸ்டிக் துண்டு தேய்ந்துபோவது இயல்பு. தலை பாதியில் நிற்கும் லீ பிரஸ்ஸைக் கண்டவுடன் குப்பை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரும்பாலும் அந்தச் சிறு துண்டை மாற்றினாலே சரியாகிவிடும்.

சட்டகம்

பழைய பிரஸ்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பு அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் வளைந்து கொடுக்காது, உடையும். கீழே விழுந்தாலோ, சமமற்ற பலகையில் அளவுக்கு மீறி முறுக்கிப் பொருத்தினாலோ விரிசல் விடும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. அவை பலகையில் பொருத்தும் காதுகளின் வேர், ரேம் செல்லும் துளையைச் சுற்றிய பகுதி, தலையைத் தாங்கும் தூணின் அடி ஆகும்.

எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் மயிரிழை போன்ற கறுத்த கோடு தெரியும். கழற்றிய சட்டகத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பதும் பழைய பட்டறை வழக்கம். முழுமையான வார்ப்பு மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்டது மொத்தென்று மங்கலாக ஒலிக்கும். உடைந்து பற்றவைத்த தடம் இருந்தால், எவ்வளவு குறைந்த விலை என்றாலும் வேலைக்கென்று வாங்காமல் இருப்பதே நல்லது. ஓரிடத்தில் மட்டும் புது வண்ணம் பூசியிருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

ரேம்

கூட்டைத் தாங்கி மேலும் கீழும் செல்லும் எஃகுத் தண்டு ரேம் எனப்படும். வெளியே தள்ளப்படும் பழைய பிரைமரிலிருந்து கரித்தூள் கொட்டும். சில பிரைமர்களின் கலவையில் நுண்ணிய கண்ணாடித்தூளும் சேர்க்கப்பட்டிருக்கும். இத்தூள் ரேமுக்கும் துளைக்கும் இடையே புகுந்து எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் போல் தேய்க்கும். சுத்தம் செய்யாமல் ஓட்டிய பிரஸ்ஸில் ரேம் ஆடுவதற்குக் காரணம் இதுவே.

சோதிக்க, ரேமை முழுவதும் மேலே தூக்கி, அதன் நுனியை முன்பின்னாகவும் இடவலமாகவும் அசைத்துப் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே சீரான சிறு ஆட்டம் இருந்தால் பெரிய குறையில்லை. கூடு டைக்குள் நுழையும்போது தானே நடுவில் வந்து சேரும். ஒரு பக்கம் மட்டும் அதிகமாக ஆடினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துள்ளது என்று பொருள். ரேமின் மேல் நீளவாக்கில் ஆழமான கீறல்கள் இருந்தாலும் கவனம் தேவை.

சுழல் தலையும் அதன் சாய்வும்

டரட் தலை நடுவில் ஒரு தூணில் அமர்ந்துள்ளது. டையோ தூணிலிருந்து சற்றுத் தள்ளி, தலையின் ஓரத்தில் உள்ளது. ரேம் மேலே அழுத்தும்போது ஓரம் தூக்கப்படும். எதிர்ப்புறம் கீழே அழுந்தும். ஏற்றப்பலகையின் ஒரு முனையில் குழந்தை அமர்ந்தால் என்ன நடக்குமோ அதுவே இங்கும் நடக்கிறது. பல மாதிரிகளில் இந்தத் தூக்கலைத் தடுக்கத் தலையின் பின்புறம் ஒரு தாங்கு முனையோ, ஓரத்தைப் பற்றும் கவ்வியோ வைத்திருப்பார்கள். பழைய பிரஸ்ஸில் அந்த உறுப்பு இருக்கிறதா, தேய்ந்துள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சாய்வு ஏன் முக்கியம்? தோள் கொண்ட ரைஃபிள் தோட்டாவில், அளவு திருத்தும்போது தோள் எவ்வளவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது என்பது ஒரு நுண்ணிய அளவு. போல்ட் வகை ரைஃபிளுக்கு வழக்கமாக 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை தள்ளினால் போதும் என்பர். தள்ளுவது குறைந்தால் தோட்டா அறையில் முழுவதும் நுழையாது. மிகுந்தால், சுடும்போது கூடு அடிப்பகுதிக்கு அருகே நீண்டு மெலிந்து, சில முறைகளுக்குப் பின் அங்கேயே அறுந்துவிடும். அறுந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடக்கூடும். கைத்துப்பாக்கித் தோட்டாவிலோ, குண்டு அமரும் ஆழம் மாறினால் உள்ளே உள்ள வெற்றிடம் மாறும். வெற்றிடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஒரு தகட்டின் தடிமன் அளவு சாய்வுக்குள் இத்தனையும் அடங்கியுள்ளது.

ஆனால் சாய்வு இருப்பதாலேயே பிரஸ் கெட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மாறாத சாய்வை டையைச் சற்றுக் கீழிறக்கிச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் மாறும் சாய்வைத்தான் எந்த டையாலும் சரிசெய்ய முடியாது. எனவே அளக்க வேண்டியது சாய்வின் அளவை விட அதன் ஒழுங்கை.

இதற்கு ஒரு டயல் கேஜ் போதும். காந்த அடித்தளத்தைப் பலகையிலோ சட்டகத்திலோ நிறுத்தி, முள்ளை டைக்கு அருகே தலையின் மேல் படும்படி வைக்க வேண்டும். மசகு தடவிய வெற்றுக் கூட்டை டைக்குள் முழுவதும் அழுத்தி, அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நிறுவனத்தின் கூடுகள் பத்தை எடுத்து இதைத் திரும்பச் செய்தால், அளவுகள் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றனவா என்பது தெரிந்துவிடும். பல நிறுவனங்களின் கூடுகளைக் கலந்து சோதிக்கக் கூடாது. பித்தளையின் கடினம் மாறினால் விசையும் மாறும். இயந்திரத்தின் குற்றமா கூட்டின் குற்றமா என்று பிரித்தறிய இயலாது. பிறகு தலையைத் திருப்பி மற்றத் துளைகளிலும் சோதிக்க வேண்டும். டயல் கேஜ் இல்லாதவர் தலைக்கும் சட்டகத்துக்கும் இடையே ஃபீலர் கேஜ் தகடுகளைச் செருகி இடைவெளியை அளக்கலாம்.

நடு போல்ட்டை இறுக்கினால் சாய்வு குறையும். தலை சுழல வேண்டும், ஆனால் தளர்ந்து ஆடக் கூடாது என்ற அளவே சரியானது. எவ்வளவு இறுக்கியும் ஆட்டம் போகாவிட்டால் தூணோ தலையின் அடிப்பரப்போ தேய்ந்துள்ளது என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு நிலையிலும் தலையை நிறுத்தும் எஃகு உருண்டையும் சுருள்வில்லும் உண்டு. தலையைத் திருப்பும்போது ஒவ்வொரு துளையும் "டக்" என்று பிடித்து நிற்க வேண்டும். மெத்தென்று கடந்துபோனால் வில் தளர்ந்துள்ளது அல்லது குழி தேய்ந்துள்ளது. வில்லை மாற்றுவது எளிது, குழியைச் சரிசெய்வது கடினம்.

மரையும் ஷெல் ஹோல்டரும்

பழைய பிரஸ் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் இது. இன்றைய டைகளில் பெரும்பாலானவை 7/8 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 மரைகளும் கொண்டவை. பழைய இயந்திரங்கள் எல்லாம் இந்த அளவில் இல்லை. லைமனின் ட்ரூலைன் ஜூனியர், அதே நிறுவனத்தின் 310 கைக்கருவிக்கான சிறிய டைகளையே ஏற்கும். அவற்றின் விட்டம் 5/8 அங்குலம், மரைகள் அங்குலத்துக்கு 30. அத்தகைய பிரஸ்ஸை வாங்குபவர் அதற்குரிய டைகளையும் பழைய சந்தையிலேயே தேட வேண்டும்.

கூட்டின் அடிவிளிம்பைப் பற்றும் ஷெல் ஹோல்டரும் அப்படியே. இன்று பல நிறுவனங்களின் ஹோல்டர்கள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஹெர்ட்டர்ஸ், ஹாலிவுட் போன்ற பழைய பிரஸ்கள் தமக்கென்று தனி வடிவ ஹோல்டர்களைக் கொண்டிருந்தன. சில ரேம்களுக்கு மாற்றி கிடைக்கும், சிலவற்றுக்குக் கிடைக்காது. மரைகள் நசுங்கியுள்ளனவா என்று பார்க்க, ஒரு நல்ல டையை விரலால் மட்டும் திருகி ஒவ்வொரு துளையிலும் இறக்கிப் பார்த்தால் போதும்.

கைப்பிடி இணைப்புகளும் பிரைமர் கையும்

கைப்பிடியையும் ரேமையும் இணைக்கும் ஊசிகள் தேய்ந்தால் கைப்பிடி "தொளதொள" என்று ஆடும். ஊசியை மட்டும் மாற்றினால் போதுமா, துளையும் பெரிதாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதலாவது சிறு செலவு. இரண்டாவதற்குத் துளையை ரீமர் இட்டுப் பெரிய ஊசி போட வேண்டும்.

புதிய பிரைமரை அமர்த்தும் சிறு கை பழைய பிரஸ்களில் அடிக்கடி காணாமல் போயிருக்கும். இதனால் மட்டும் பிரஸ்ஸைத் தள்ள வேண்டியதில்லை. கையில் பிடித்துப் பிரைமர் பொருத்தும் தனிக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. விலை பேசும்போது மட்டும் இந்தக் குறையை நினைவில் கொள்ள வேண்டும்.

படம் பார்த்து வாங்கும்போது

இணைய ஏலத்தில் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாது. அப்போது விற்பவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டுப் பெறலாம்:

* பொருத்தும் காதுகளின் இருபுறமும் காட்டும் படம்
* ரேமை மேலே தூக்கிய நிலையில் அதன் முழு நீளப் படம்
* தலையை மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காட்டும் படம்
* ஒரு துளையின் உள்விட்ட அளவு
* ஷெல் ஹோல்டர், இடைப்புஷ், பிரைமர் கை ஆகியவை உடன் வருகின்றனவா என்ற விவரம்

இவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்காமல் இருப்பது நன்று.

சுத்தம் செய்தல்

மேற்பரப்புத் துரு பெரிய குறையன்று. மண்ணெண்ணெயும் பித்தளைப் பிரஷும் கொண்டு நீக்கலாம். ரேமை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது, அளவு குறைந்துவிடும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் உலர்ந்த நிலையில் சுரண்டுவதும் தவறு. சேகரிப்பாளர்கள் அசல் வண்ணத்துக்கே மதிப்புத் தருவர். அரிய மாதிரியை முழுதும் புதிதாக வண்ணம் பூசினால் விலை குறையுமே தவிர ஏறாது. எண்ணெய் இட்டபின் மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் பட்டால் பிரைமர் வேலை செய்யாமல் போகலாம்.

உடன் வரும் பொருள்களில் உள்ள ஆபத்து

பழைய பிரஸ்ஸோடு அதை வைத்திருந்தவரின் பெட்டி முழுவதும் சேர்ந்து வருவதுண்டு. அதில் வெடிமருந்து டப்பாக்கள், பிரைமர்கள், பழைய கையேடுகள் இருக்கும். இரும்பை விட இவைதான் ஆபத்தானவை.

புகையில்லா வெடிமருந்து நைட்ரோசெல்லுலோஸால் ஆனது. காலம் கடந்தால் சிதையும். காரமான அமில நெடி, துருநிறத் தூள், செம்பழுப்பு ஆவி ஆகியவை சிதைவின் அடையாளங்கள். அத்தகையதை உள்ளூர்த் தீயணைப்புத் துறையின் வழிகாட்டுதலோடு அப்புறப்படுத்த வேண்டும். நெடி இல்லாவிட்டாலும், திறந்த டப்பாவில் உள்ளது சீட்டில் எழுதிய மருந்துதான் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ஆகவே அதையும் பயன்படுத்தக் கூடாது. பழைய கையேட்டில் உள்ள மருந்து அளவுகளை இன்றைய பொருள்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்வதும் தவறு. மருந்து உற்பத்தியாளரின் இன்றைய கையேடே அளவுகோல்.

பழைய தோட்டாவில் உள்ள பிரைமர்கள் பெரும்பாலும் ஈயச் சேர்மம் கொண்டவை. அவற்றின் தூள் கையிலும் உடையிலும் படியும். வேலை செய்யும் இடத்தில் உண்பதும் குடிப்பதும் கூடாது. முடிந்தபின் கைகளை நன்கு கழுவ வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் பிரைமரைத் தொடவே கூடாது.

டரட் பிரஸ்ஸுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. கையால் திருப்பும் தலையில் கவனம் சிதறினால் ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழலாம், அல்லது விழாமலே போகலாம். இரண்டும் துப்பாக்கியைச் சிதைக்கக்கூடியவை. குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் கண்ணால் பார்ப்பதே இதற்குக் காப்பு.

சட்ட நிலை

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு மறுநிரப்பல் செய்ய உற்பத்தி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால் உரிமம் வேண்டும். மாநில விதிகள் வேறுபடலாம். இந்தியாவில் நிலை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். எனவே இக்கட்டுரையை ஓர் இயந்திரத்தைப் பற்றிய அறிமுகமாகவே இங்குள்ள வாசகர்கள் கொள்ள வேண்டும்.

முடிவு

பழைய டரட் பிரஸ்ஸின் தகுதியை அதன் வயதோ பெயரோ தீர்மானிப்பதில்லை. விரிசல் இல்லாத சட்டகம், சீராக ஏறி இறங்கும் ரேம், மாறாத அளவில் மட்டுமே சாயும் தலை, இன்றும் கிடைக்கும் டைகளை ஏற்கும் மரை ஆகிய நான்கும் இருந்தால் ஐம்பது ஆண்டு கடந்த இயந்திரமும் நன்றாக உழைக்கும். முதல் மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதைக் காட்சிப் பொருளாக வாங்கலாம், கருவியாக வாங்கக் கூடாது. நான்காவது மட்டும் குறைந்தால், அதற்குரிய டைகள் கைக்குக் கிடைத்தபின் பிரஸ்ஸை வாங்குவதே முறை.